கவுன்சலிங் படித்தாயிற்று, எங்கே போய்ப் பழகுவது?

கவுன்சலிங் படிக்கிறேன் என்று தமிழ்நாட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் "எந்த காலேஜ்ல சீட்டு கிடைச்சுது?" என்பார்கள். அவர்களுக்குக் கவுன்சலிங் என்றால் பொறியியல் கலந்தாய்வு. மீதிப் பேருக்குச் செய்தித்தாளில் வருகிற கவுன்சலிங்தான் தெரியும்: "போலீசார் இருவரையும் அழைத்து கவுன்சலிங் கொடுத்து அனுப்பி வைத்தனர்." அதாவது புத்திமதி. கொடுப்பது என்ற வினைச்சொல்லே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இலங்கைத் தமிழர்கள் இதை உளவளத்துணை என்கிறார்கள். துணை என்று சொல்லிவிட்டால் கொடுக்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை, கூட இருப்பதுதான் வேலை. நமக்கு நாக்கில் ஒட்டியது கவுன்சலிங். இங்கேயும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

போன மாதம் தங்கை முறையாகும் ஒரு பெண் போன் செய்தாள். பெருங்குடி பக்கம் ஐடி வேலை, கூடவே வார இறுதி வகுப்பில் கவுன்சலிங் சைக்காலஜி முதுகலை. முதல் வருடம் முடிந்துவிட்டது. ஃபிராய்டு, ரோஜர்ஸ் என்ற உளவியல் மேதைகளைத் தெரியும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சை பற்றிப் பத்து மார்க்குக்கு எழுதத் தெரியும். "ஆனா அக்கா, எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்து அழுதா நான் என்ன பண்ணணும்னு தெரியல" என்றாள். அவள் கையில் இருப்பது ஒரு வருடத்துச் சனி ஞாயிறுகளில் வகுப்பு போக மிஞ்சும் நேரமும் கொஞ்சம் சேமிப்பும். எழுதி வைத்திருந்த வழிகளை வரிசையாக வாசித்தாள். கூடப் படிப்பவர்களோடு பயிற்சி, தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைனில் தன்னார்வம், மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப், ஒரு பள்ளி அல்லது தொண்டு நிறுவனம், இணையத்தில் சான்றிதழ்ப் படிப்பு. "எது அக்கா முதல்ல?"

ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கடைசி நாலைந்து வருடமாகப் புதிதாக வருகிறவர்களின் செஷன்களைக் கேட்டுத் திருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எந்த இடமாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அங்கே நீ வாயால் சொன்ன வாக்கியத்தை யாராவது கேட்பார்களா, கேட்டுவிட்டு அதைப் பற்றி உன்னிடமே பேசுவார்களா? இடத்தின் பெயர், கொடுக்கிற சான்றிதழ், எத்தனை கேஸ் வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நாம் என்ன சொன்னோம் என்பதை நாமே மறந்துவிடுகிறோம், மறக்காவிட்டால் அழகாக்கி நினைவில் வைத்துக்கொள்கிறோம். 1942இல் கார்ல் ரோஜர்ஸ் ஒருவரோடு நடத்திய செஷன்கள் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து வரிக்கு வரி எழுத்தாக்கி வெளியிட்டார். அதற்கு முன்பு பெரும்பாலும் வைத்தியர் நினைவிலிருந்து எழுதியதுதான் ஆதாரம். 1968இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆலன் ஐவியும் உடன் வேலை செய்தவர்களும் மாணவர்களை வீடியோ கேமரா முன் உட்காரவைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன் என்று பிரித்துப் பழக்கிக் காட்டினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் மிச்சிகனில் நார்மன் கேகன், பதிவை ஓடவிட்டு நடுவில் நிறுத்தி "இந்த இடத்தில் உன் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்கிற முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நம் கையில் இருக்கிற போனில் இந்த மூன்றையும் காசில்லாமல் செய்யலாம். இருந்தும் பெரும்பாலான ட்ரெய்னிகள் ஒருமுறைகூடத் தங்கள் குரலைக் கேட்காமலேயே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

மூன்று நாற்காலிப் பயிற்சி

அவள் பட்டியலில் ஆகக் குறைந்த மதிப்பு கூடப் படிப்பவர்களோடு பயிற்சி செய்வதற்குத்தான். "அது சும்மா நாங்களே பேசிக்கிறது" என்றாள். எனக்கு அதுதான் முதல்.

மூன்று பேர் வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் வாயைத் திறக்காமல் பார்க்க. இருபது நிமிடம் பேச்சு, அப்புறம் பத்து நிமிடம் பார்த்ததைச் சொல்வது. இடம் மாறி மாறி மூன்று சுற்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். செலவு டீயும் பஜ்ஜியும்.

இதைக் கெடுப்பது நடிப்பு. கல்லூரிகளில் ரோல் பிளே என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுப்பார்கள்: நீ மாமியார் கொடுமையால் தவிக்கிற மருமகள். உடனே சீரியல் வசனம் ஆரம்பமாகிவிடும். நடிக்கிற க்ளையன்ட் நாம் கேள்வி கேட்டதும் பதில் சொல்வார், அழ வேண்டிய இடத்தில் அழுவார், இருபதாவது நிமிடத்தில் "ரொம்ப நன்றி, இப்ப தெளிவாயிட்டேன்" என்று எழுந்து போவார். உண்மையில் எவரும் அப்படி எழுந்து போனதில்லை. அதனால் சொந்தப் பிரச்சினையையே கொண்டுவாருங்கள், ஆனால் சின்னதாக. பத்துக்கு மூன்று, நாலு அளவில் இருக்கட்டும். அம்மா போன் செய்தாலே எரிச்சல் வருகிறது, மேனேஜரிடம் லீவு கேட்கப் பயமாக இருக்கிறது, இந்த மாதிரி. போன வருடம் அப்பா இறந்ததைக் கொண்டுவர வேண்டாம். கூடப் படிப்பவர்களால் அதைத் தாங்க முடியாது, அடுத்த வாரம் வகுப்பில் அவர்கள் முகத்தைப் பார்க்க உங்களாலும் முடியாது.

மூவரும் சம்மதித்தால் போனில் பதிவு செய்யுங்கள். எப்போது அழிப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வீட்டுக்குப் போய் அதில் பத்து நிமிடத்தை மட்டும் எழுதுங்கள். "ம்", "சரி", இருமல் எல்லாவற்றையும் சேர்த்து. பத்து நிமிடத்தை எழுத ஒரு மணி நேரமாவது ஆகும். மூன்று கட்டம் போடுங்கள்: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது. மூன்றாவது கட்டத்தில்தான் எல்லாம் வெளியே வரும்.

நான் முதன்முதலில் எழுதிப் பார்த்தது பதினொரு நிமிடப் பதிவு. அதில் "கவலைப்படாதீங்க" ஏழு முறை. "புரியுது" பதினாலு முறை. உண்மையிலேயே புரிந்திருந்தால் எதற்கு இத்தனை தடவை சொன்னேன்? பார்த்துக்கொண்டிருந்த தோழி, "நீ தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டிட்டே இருந்த, எனக்கே தலை சுத்துச்சு" என்றாள். மூன்றாவது கட்டத்தில் நான் நேர்மையாக எழுதியிருந்தது: "இவ அழுதுடுவாளோ, அழுதா என்ன செய்யிறது." ஏழு "கவலைப்படாதீங்க"வும் எனக்கு நானே சொல்லிக்கொண்டவை.

தமிழில் கவுன்சலிங் செய்வது எப்படி என்று புத்தகங்கள் சொல்லித் தருவதில்லை, அதையும் இந்த மூன்று நாற்காலியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். "எப்படி உணர்கிறீர்கள்?" என்று எந்தத் தமிழரும் இன்னொரு தமிழரை வீட்டில் கேட்டதில்லை. நம் ஆட்கள் சொல்வது "மனசே சரியில்ல", "நெஞ்சு அடைக்குது", "வெறுத்துப்போச்சு", "என்னமோ மாதிரி இருக்கு". ஒருவர் "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது புது ட்ரெய்னி "நீங்கள் சோகமாக உணர்கிறீர்கள்" என்று திருப்பிச் சொன்னால், அவர் ஒரு நொடி யோசித்து "ஆமாங்க" என்பார். அந்த ஆமாங்கவுக்கு அர்த்தம், படித்தவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்பது. "என்னமோ மாதிரின்னா..." என்று அவர் சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அவரே தேடிச் சொல்வார்.

"ஏன்" என்று ஆரம்பிக்கிற கேள்வி நம் காதில் குற்றச்சாட்டாகவே விழும். "ஏன் போன் எடுக்கல?" என்று வளர்ந்தவர்கள் நாம். "அப்ப என்ன ஆச்சு?" என்றால் அதே பதில் கோபமில்லாமல் வரும். "சொல்லுங்க" என்ற ஒற்றைச் சொல் செய்கிற வேலையை எந்தப் பாடப்புத்தக வாக்கியமும் செய்யாது. குரலை இறக்கிச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஏற்றிச் சொன்னால் வங்கிக் கவுண்ட்டர் ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு பெண் கணவரைப் பற்றி "அவர் நேத்து லேட்டா வந்தார்" என்று ஆரம்பிப்பார். பத்தாவது நிமிடத்தில் "அவன் என்ன மனுஷன்?" என்பார். அவர் அவனாக மாறிய அந்த ஒரு எழுத்தில் அன்றைய செஷன் முழுவதும் இருக்கிறது. நீங்களும் உடனே "அவன்" என்றால் அடுத்த வாரம் சமாதானமாகி வரும்போது அவருக்குக் கூச்சமாக இருக்கும். "அவர்" என்றே அழுத்திச் சொன்னால் கோபப்பட்டது தப்பு என்று திருத்துவது போலாகும். நான் "உங்க வீட்டுக்காரர்" என்று தள்ளி நின்றுவிட்டு, "இப்ப பேசும்போது குரலே மாறிடுச்சு" என்பேன். இதைச் செஷன் நடக்கும்போது கவனிக்க ஒரு வருடமாவது ஆகும். எழுதிப் பார்த்தால் முதல் வாரமே கண்ணில் படும்.

உட்காருகிற விதத்தையும் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். ஜெரார்ட் ஈகன் 1975இல் சொன்ன பாடம் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது: நேர் எதிரே உட்கார், கைகால்களைக் கட்டிக்கொள்ளாதே, சற்றே முன்னால் சாய், கண்ணைப் பார், தளர்வாக இரு. நம் ஊரில் இருபத்திமூன்று வயதுப் பெண் ஐம்பது வயது ஆண் ஒருவரை இப்படி நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் சன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாற்காலியைக் கொஞ்சம் கோணத்தில் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. நண்பர்கள் "சூப்பரா பண்ணின" என்று முடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பாராட்டோ திட்டோ கூடாது, கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் சொல்ல வேண்டும். "நீ 'ஆனா'ன்னு ஆரம்பிச்சதும் அவ கையைக் கட்டிக்கிட்டா." இது போதும். அப்புறம், மூவரும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே மாதிரி வீடு. குடித்துவிட்டு வரும் அப்பாவோ, மகன் பேசாமல் போன அறுபது வயது அம்மாவோ அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தால் நன்றாக விளையாடத் தெரிந்த ஷட்டில் ஜோடி மாதிரி ஆகிவிடுவீர்கள், வெளி ஆள் வந்தால் தடுமாறும்.

(இப்போது சிலர் ஏஐ செயலியிடம் "நீ க்ளையன்ட் மாதிரி பேசு" என்று சொல்லிப் பழகுகிறார்கள். கேள்வி அமைக்கப் பழகலாம், தப்பில்லை. ஆனால் அது கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகாது, இரண்டு நிமிடம் பேசாமல் தரையைப் பார்க்காது. நமக்குக் கஷ்டமே அந்த இரண்டு நிமிடம்தான்.)

ஹெல்ப்லைன்

சென்னையில் 1986இல் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தெரியாதவர் இந்தத் துறையில் இருக்க முடியாது. போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். 1953இல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய வழி இது. இதற்குத் தோழமை என்று பெயர், கவுன்சலிங் அல்ல. ஆலோசனை சொல்லக் கூடாது, நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது, கூட இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிற மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, அதாவது 14416, வேறு வகை. அங்கே எடுப்பவர்கள் சம்பளத்துக்கு இருக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார்கள். அங்கே தன்னார்வலராகப் போய்ப் பழகும் பேச்சு கிடையாது.

ஹெல்ப்லைன் வாயை மூடக் கற்றுக்கொடுக்கும். முகம் தெரியாது, தலையாட்டினால் பயனில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியாது. குரலும் மௌனமும் மட்டும். புத்தி சொல்லியே பழகியவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பள்ளி ஆசிரியர்கள், மத ஊழியத்தில் இருந்தவர்கள், வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்கள் எல்லாம் நேராக இங்கே போகலாம் என்பேன்.

இரண்டாவது, கேட்க வேண்டியதை நேராகக் கேட்கப் பழகுவீர்கள். நம் ஆட்கள் "தப்பான முடிவு", "விபரீத முடிவு" என்று மூடி மறைத்தே பேசுவார்கள், செய்தித்தாளும் அப்படியே எழுதும். புது ட்ரெய்னியும் "தப்பா ஏதும் யோசிக்கலையே?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே "இல்ல இல்ல" என்ற பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறது. கூடவே, யோசித்தது தப்பு என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. "தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைப்பு வருதா?" என்று அதே சொல்லைச் சொல்லி, அமைதியான குரலில் கேட்கத் தெரிய வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லாதது. நேராகக் கேட்டதும் பெருமூச்சுதான் வரும், அப்பாடா ஒருத்தராவது கேட்டாங்களே என்று. "செத்துடலாம் போல இருக்கு" என்பது நமக்குப் பரீட்சைக்கும் வெயிலுக்கும் சொல்கிற வாசகம் வேறு. எது வாசகம், எது உண்மை என்பது கேட்டால்தான் தெரியும்.

பேசியதைக் கேட்டுத் திருத்த ஆள் உண்டா என்ற என் அளவுகோலில் இது எங்கே நிற்கிறது? நல்ல மையத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆக, கேட்க ஆள் உண்டு. பதிவை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அது நியாயமும்கூட. பெரிய குறை வேறொன்று: அழைத்தவருக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று தெரியாது. ஒரே மனிதரோடு பத்து வாரம் பயணம் செய்வதுதான் கவுன்சலிங்கின் உயிர், அது இங்கே கிடைக்காது. கல்லூரி கேட்கிற மணிக்கணக்கிலும் சேருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

மருத்துவமனை

எல்லாருக்கும் பிடித்த வழி இது, ஏனென்றால் பயோடேட்டாவில் கண்ணைப் பறிக்கும். 1794இல் வேர் விட்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1984இல் டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு நோயாளிகளுக்காக உருவாக்கிய ஸ்கார்ஃப், பெங்களூருவின் நிமான்ஸ் மனநல மருத்துவமனை என்ற பெயர்களுக்கு இருக்கும் எடையே தனி.

ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பீர்கள், செய்ய மாட்டீர்கள். செய்யவிடக் கூடாது என்பதும் சரிதான். கேஸ் ஹிஸ்டரி எடுப்பது, மனநிலைப் பரிசோதனை எழுதுவது, டாக்டர் பின்னால் ரவுண்ட்ஸ் போவது. நான் போன ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பது நாளில் பெரும்பகுதி, பழைய கேஸ் ஷீட்டுகளுக்கு நம்பர் போட்டு அடுக்கியதிலேயே போனது. நான் பேசிய ஒரு வாக்கியத்தையும் யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை, வெளியே வராண்டா முழுக்க ஆட்கள்.

அப்படியும் ஒரு மாதம் போய்த்தான் ஆக வேண்டும். காதில் குரல் கேட்கிற ஒருவரை, மேனியா என்கிற அளவுமீறிய மனக்கிளர்ச்சி ஏறிப்போய் மூன்று நாள் தூங்காத ஒருவரை, குழந்தை பிறந்து இரண்டு வாரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஒருமுறையாவது நேரில் பார்த்திருந்தால்தான், நாளை உங்கள் அறைக்கு அப்படி ஒருவர் வரும்போது "இது என் வேலை இல்லை, இன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்" என்று தெரியும். பேசப் பழக அங்கே போகாதீர்கள், எங்கே பேச்சு போதாது என்று தெரிந்துகொள்ளப் போங்கள்.

பள்ளியும் தொண்டு நிறுவனமும்

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பள்ளியிலும் தொண்டு நிறுவனத்திலும் ட்ரெய்னிகளுக்கு முதல் நாளே முழு வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள், அந்த இரண்டாவது பிரேக் இல்லாமல். "எங்களுக்கு கவுன்சலர் இல்ல, நீங்க வந்தா ரொம்ப உதவியா இருக்கும்" என்று சொல்கிற இடத்தில்தான் நான் அதிகம் பயப்படுவேன். நம்மைத் திருத்த அங்கே ஆளில்லை என்பதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

பள்ளியில் பிள்ளை தானாக வருவதில்லை, அனுப்பப்படுகிறது. அறை இருக்காது, விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் இடத்தில் இரண்டு நாற்காலி போடுவார்கள். பிள்ளை வெளியே போனதும் வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து "என்ன சொன்னான்?" என்பார். அதற்கு அவர் மனம் நோகாமல் பதில் சொல்லாமலிருப்பது தனித் திறமை. எந்தப் பாடத்திலும் வராது. இன்னொன்று சட்டம். "இங்க பேசறது யாருக்கும் போகாது" என்று பிள்ளையிடம் முழு வாக்குக் கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறையில் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதற்குத் தண்டனை உண்டு. முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு "இதை நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று ட்ரெய்னி திணறியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்கச் சில மாதங்கள் ஆயின.

குடிநோய் மறுவாழ்வுப் பக்கம் போக மனமிருந்தால் அது நல்ல பள்ளிக்கூடம். 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இந்தத் துறைக்கே நாட்டில் முன்னோடி. அந்த வகை இடங்களில் குழுவாகப் பேசுவது, குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவது, போனவர் மறுபடி வருவது எல்லாம் உண்டு. "இனி தொடமாட்டேன் மேடம்" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தவர் அடுத்த மாதம் திரும்பி வருவார். அதைப் பார்த்தும் முகம் சுளிக்காமல் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லப் பழக வேறு இடம் எனக்குத் தெரியாது.

ஒரே மனிதரோடு பல வாரம் என்ற அந்த உயிரான விஷயம் இந்த இடங்களில்தான் கிடைக்கும். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரம் ஒருமுறையாவது உங்களோடு உட்கார ஒரு மூத்த கவுன்சலர் இருந்தால் மட்டும் போங்கள். நிறுவனத்தில் இல்லையென்றால் வெளியே தேடிக் காசு கொடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மூத்தவரோடு உட்கார்ந்து நம் செஷன்களைப் பேசுவதைத்தான் நாங்கள் சூப்பர்விஷன் என்கிறோம். தமிழில் மேற்பார்வை என்றால் தொழிற்சாலை மேஸ்திரி ஞாபகம் வருகிறது. பிரிட்டனில் கவுன்சலர்களின் தொழில் சங்கமான பிஏசிபி, அங்கீகாரம் பெற்ற கவுன்சலருக்கே மாதம் ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் வேண்டும் என்கிறது. இருபது வருடம் ஆனவருக்கும் அதே கணக்கு. நம் ஊரில் அப்படி யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இணையச் சான்றிதழ் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு நாள், சில ஆயிரம் ரூபாய், தங்க ஓரம் போட்ட தாள். பயிற்சியாளர் பேசுவார், நீங்கள் மைக்கை மியூட்டில் வைத்திருப்பீர்கள். நேரில் நடக்கிற சிறு பட்டறை, பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரையும் பேசவைப்பார்கள் என்றால் போகலாம். அந்தப் பணத்தில் நீங்களே ஒரு கவுன்சலரிடம் ஆறேழு செஷன் க்ளையன்டாகப் போய் உட்கார்ந்து பாருங்கள். எதிர் நாற்காலியில் இருக்கும்போது "ம்" என்ற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது, கடிகாரத்தை அவர் பார்த்தால் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

என் கணக்கு

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. முதல் மூன்று மாதம் மூன்று நாற்காலி, வாரம் ஒன்று, எழுதிப் பார்ப்பது கட்டாயம். மூன்றாவது மாதத்தில் ஹெல்ப்லைனுக்கு விண்ணப்பம். தேர்வும் பயிற்சியும் முடிந்து போன் எடுக்க எப்படியும் நாளாகும், அதுவரை நாற்காலியை விட வேண்டாம். அலுவலகத்தில் லீவு சேர்த்து ஒரே மூச்சில் மருத்துவமனை ஒரு மாதம், அது எப்போது கிடைத்தாலும் சரி. தொண்டு நிறுவனம் கடைசி நாலு மாதம், சூப்பர்வைசர் கிடைத்தால். கிடைக்காவிட்டால் அந்த நாலு மாதமும் ஹெல்ப்லைன்தான்.

எல்லாருக்கும் இதே வரிசை இல்லை. தேனியிலோ புதுக்கோட்டையிலோ இருப்பவருக்குப் பக்கத்தில் ஹெல்ப்லைன் மையம் இருக்காது. நாற்காலிப் பயிற்சியை வீடியோ காலில் செய்யலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சென்னையைவிடக் கூட்டம் குறைவு என்பதால் டாக்டர் நின்று பேச வாய்ப்பு அதிகம். பேசவே கூச்சப்படுகிறவர் ஹெல்ப்லைனை அவசரப்பட்டுத் தொட வேண்டாம், மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அங்கே வசதி அதிகம். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கிறவர் தொண்டு நிறுவனத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

"பள்ளிக்கூடம் வேண்டாமாக்கா? எனக்குக் குழந்தைங்கன்னா பிடிக்கும்" என்றாள். பிடிக்கும் என்பதால்தான் இப்போது வேண்டாம் என்றேன். அதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை, அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

இதுவரை நாலு ஞாயிறு ஆகியிருக்கிறது. மூன்றாவது ஆளாக இருந்த பெண் வேலை மாறித் திருச்சிக்குப் போய்விட்டதால் இப்போது அந்தப் பெண் மட்டும் போனில், மற்ற இருவரும் வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடியில். போன வாரம், பேசிய தோழியின் சம்மதத்தோடு, எழுதிய பத்து நிமிடத்தைத் தங்கை எனக்கு அனுப்பியிருந்தாள். எட்டாவது நிமிடத்தில் ஒரு "கவலைப்படாத, எல்லாம் சரியாயிடும்". எதிர்க் கட்டத்தில் தோழியின் பதில்: "ம்ம். சரி, அவ்ளோதான்." மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அதை நிரப்பி அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசருக்கு இரண்டு பேரைக் கேட்டிருக்கிறாள். ஒருவர் பதில் போடவில்லை, இன்னொருவர் பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.